மேனேஜர் மேசையில் வைத்த பயோடேட்டா

எங்கள் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியை விட்டுப் போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் பக்கத்துக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார்கள். முன்கூட்டியே மூச்சு விட்டால், மேனேஜர் அங்கே ஒரு போனைப் போட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று பயம். டைம் ஆபீஸில் அட்டெண்டன்ஸ் பார்க்கிற எனக்கு இந்தக் கூத்தெல்லாம் அத்துப்படி.

எங்கள் கம்பெனியில் ஒரு அக்கா மட்டும் வேறு மாதிரி. தையல் லைனில் இருந்தார். புதிதாகச் சேரும் பெண்களைக் கழிவுத் தோலில் தைக்கவிட்டு, வளைவில் ஊசி பிசகாமல் ஓடும்வரை பக்கத்திலேயே நிற்பார். புது மாடல் வந்தால் முதல் ஜோடியைத் தைப்பது அவர்தான். சூப்பர்வைசர்களே சந்தேகம் வந்தால் அவரிடம்தான் ஓடுவார்கள். ஆனால் அடையாள அட்டையில் சேர்ந்த நாளிலிருந்து வெறும் ‘டெய்லர்’. அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். கேட்டால், நீ இல்லாவிட்டால் லைன் ஓடாதும்மா என்று மேனேஜர் சிரித்து மழுப்புவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதிதாக வரும் ஸ்போர்ட்ஸ் ஷூ கம்பெனியில் பயிற்சி கொடுக்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, பஜாரில் ஒரு கடையில் பயோடேட்டா அடித்துக்கொண்டு வந்தார். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. ஊரில் பாதிப் பேருக்கு அதே கடை, அதே வரிகள். வீட்டு வேலை முடித்து பஸ் பிடிக்கவே மூச்சு வாங்கும், நீ எங்கே அக்கா பாட்டுக் கேட்டாய் என்று கிண்டல் செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தோம். யாருக்கெல்லாம் தொழில் சொல்லிக்கொடுத்தார், எந்த ஆர்டர் திரும்பி வந்தபோது பிரித்துத் தைத்துக் காப்பாற்றினார் என்று அவர் சொல்லச் சொல்ல என் போனில் தட்டினேன். படித்துக் காட்டியதும் இவ்வளவுமா செய்தேன் என்று அவருக்கே ஆச்சரியம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பயோடேட்டாவின் கடைசியில், நம்மைப் பற்றி விசாரிப்பதற்கு ஒருவர் பெயரும் நம்பரும் போட வேண்டும். அக்கா எங்கள் மேனேஜர் பெயரையே போடச் சொன்னார்.

“உனுக்கு இன்னா பைத்தியமா?” என்றேன்.

மறுநாள் காலை, புதிதாக அடித்த பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் கேபினுக்குள் போய் மேசைமேல் வைத்தார்.

“உங்க நம்பர்தான் சார் குடுத்திருக்கேன். இதுல பொய் ஏதாச்சும் இருந்தா அடிச்சிடுங்க.”

மேனேஜர் முழுக்கப் படித்தார். டிராயரில் போட்டு மூடினார். அக்காவோ எதுவுமே நடக்காததுபோல மெஷினுக்குப் போய்விட்டார். சாயங்காலம் இன்னொரு பிரதியைப் புதுக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வந்தார். நாட்கள் போயின, மேனேஜர் வாயே திறக்கவில்லை. போனஸை வாங்கிக்கொண்டு கமுக்கமாகப் போயிருக்கலாமே என்று புலம்பினேன். சோறு போட்ட இடத்தை விட்டுத் திருட்டுத்தனமாகப் போக முடியாது என்றார் அக்கா. அந்தத் தைரியம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

ஒருநாள் மதியம் அந்தப் போன் வந்தது. கேபினுக்கும் என் மேசைக்கும் நடுவே பாதித் தடுப்புதான். புதுக் கம்பெனியிலிருந்து விசாரிக்கிறார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. எழுதியதெல்லாம் நிஜம், கம்மியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றார் மேனேஜர்.

“மேல ஏத்தினா லைன் படுத்துடும்னு நான்தான் அவங்கள அங்கியே வெச்சிட்டேன். நீங்க அப்படிப் பண்ணிடாதீங்க.”

ஓட்டமும் நடையுமாகக் கேண்டீனுக்குப் போய், அவர் சொன்னதை அப்படியே அக்காவிடம் ஒப்பித்தேன். வேலை உனக்குத்தான் என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.

“இத அவரு எங்கிட்ட ஒரு நாள் சொல்லியிருந்தா, நான் போவேனா?” என்றார்.