குசினி ஓடும் அவருடைய காலும்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் பேசும் முன்பே அவளுக்கொரு வீடு நிற்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனிசன் அதற்காக நான் சமைக்கும் குசினியையே பிரித்தார். ஓட்டையும் கல்லையும் மகளுக்கு வீடு கட்டும் வளவுக்கு ஏற்றினார். கடைசி ஓட்டோடு தானும் கூரையிலிருந்து இறங்கினார், ஏணி இல்லாமல்.

கால் முறிந்தது. பிளாஸ்டரை வெட்டி எடுத்த அன்று, வீட்டுக்கு வந்து சாரத்தை உயர்த்திப் பார்த்தவருக்கு முகம் கறுத்துப்போனது. கெண்டைக்கால் இருந்த இடத்தில் முருங்கைக்காய் ஒன்று தொங்கியது. எலும்பு பொருந்திவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் காலைத் தரையில் வைக்க மறுத்தார். விதைப்பு வேறு நெருங்கியிருந்தது. வரம்பில் நடக்க முடியாவிட்டால் இறக்காமத்து வயலை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டியதுதான்.

"கால் மௌத்தாப் பெய்த்து," என்றார், செத்தவரைப் பற்றிச் சொல்வதுபோல.

"அப்ப காலுக்கு மட்டும் கபன் துணி வாங்கட்டா?"

சிரிக்கவில்லை. என் பகிடிக்கு அவர் சிரிக்காவிட்டால் பயம் பெரிது என்று எனக்குத் தெரியும்.

மகள் அப்போது ஏ.எல். வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். வாப்பாவின் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினாள். உடம்பெல்லாம் சின்னச் சின்ன உயிர்க்கலங்களாம். ஒவ்வொரு கலமும் தான் கட்டிய புரதத்தைத் தானே நாளாந்தம் உடைக்குமாம். பழசும் பழுதும் உள்ளே தேங்கினால் கலத்துக்கே கேடு. அதனால் அதைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் துண்டுகளைக் கொண்டே புதுசு கட்டும். வேலையில்லாமல் கிடக்கும் சதையில் கட்டுவது குறைந்து உடைப்பது கூடிவிடும். துண்டுகள் உடம்பில் வேறு தேவைக்குப் போய்விடும்.

அவர் நம்பவில்லை. "தன்னத் தானே உடைக்கிறதா? அதுக்கென்ன பைத்தியமா?"

என் வாய் சும்மா இருக்குமா?

"இஞ்ச பாருங்க, நல்லா இருந்த குசினிய உடைச்சி மகள்ட ஊட்டுக்குக் குடுத்தது ஆரு? உங்கட காலும் உங்களப் போலதான். ஆனா அது கூரையால விழாமச் செய்யிது."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் என்னை முறைத்தார். பிறகு மெல்லச் சிரிப்பில் வயிறு குலுங்கியது.

"அப்ப நடந்தா திரும்பக் கட்டுமா, மகள்?"

"ஓம் வாப்பா. நடந்தாத்தான்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றினார். முதலில் கிணற்றடி வரைக்கும், பிறகு மகளின் வளவு வரைக்கும். விதைப்புக்கு, கொஞ்சம் நொண்டினாலும், தன் காலாலேயே வரம்பில் நடந்தார்.

அறுவடை முடிந்து வந்தவர் கெண்டைக்காலைத் தட்டித் தட்டிப் பெருமையடித்தார். நானோ இன்னும் குசினிக்குப் பதிலாகப் போட்ட கிடுகுக் கொட்டிலுக்குள் புகை தின்று சமைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கலத்துக்கிட்ட ஒருக்காக் கேளுங்களன்," என்றேன், "என்ட குசினிய எப்ப திரும்பக் கட்டுமாம் எண்டு."