சத்துமாவு டின்னில் மறைத்த பொடி

எங்கள் கல்லூரிப் பளுதூக்கும் அணியில் ஆறு பேர். ஐந்து பேருக்கு அது பொழுதுபோக்கு. ஒருவனுக்கு மட்டும் அது சோறு. நாங்குநேரிப் பக்கத்துக்காரன், அப்பா வாழைத்தார் சுமக்கிறவர். பல்கலைக்கழகப் போட்டியில் ஒரு மெடல் வாங்கிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை உறுதி என்று அவன் நம்பினான். அவன் வீடே நம்பியது.

பொடியைக் கொண்டுவந்தவன் நான். தொண்ணூறுகளின் கடைசி. துபாயிலிருந்து வந்த என் சித்தப்பா மகன் கொடுத்த டப்பாவில் கிரியேட்டின் என்று போட்டிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் இதைத் தின்றுதான் தூக்குகிறார்களாம். அப்படியானால் தடை செய்த மருந்தாகத்தான் இருக்கும் என்று நாங்களே முடிவுகட்டினோம். டப்பாவை நசுக்கி எறிந்துவிட்டு, பொடியைச் சத்துமாவு டின்னில் கொட்டிவைத்தோம். பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அணியிலிருந்து தூக்கிவிடுவார் என்று பயம். கிறுக்குப் பயல்கள் நாங்கள்.

ஒரே மாதத்தில் அவன் தூக்குகிற எடை நன்றாகக் கூடியது. கூடவே உடம்பும் இரண்டு கிலோ ஏறிவிட்டது. அங்கேதான் வினை பிடித்தது. அறுபத்தொன்பது கிலோ பிரிவில் நிற்க வேண்டியவன் எழுபத்தொன்று இருந்தான். அதற்கு மேல் பிரிவில் நின்றால் மெடலை மறந்துவிட வேண்டியதுதான். எடை பார்க்க நான்கு நாள் இருக்கும்போது நாங்களே வைத்தியத்தில் இறங்கினோம். சொட்டுத் தண்ணீர் கிடையாது. பங்குனி வெயிலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு தாமிரபரணி மணலில் ஓட வேண்டும். பொடியையும் விடக்கூடாது, பலம் போய்விடுமே! அவன் ஓடினான். நான் மருத மர நிழலில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தேன்.

இரண்டாம் நாள் மதியம் புதர்ப் பக்கம் போய்விட்டு வந்தவன் பைய என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போகுதுலே. யார்ட்டயும் சொல்லிராத."

 இன்னும் இரண்டு நாள்தான், பல்லைக் கடித்துக்கொள் என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

மறுநாள் மணலிலேயே விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டான், என்ன செய்தான் என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். வயிற்றால் போனது சார் என்றேன். அவன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த இரண்டு நாளும் அதே பொய்யைத்தான் சொன்னோம். முகம் வீங்கி, மூத்திரம் அடியோடு நின்ற பிறகுதான் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் திட்டவில்லை. பொடி ஒன்றும் தடை செய்தது இல்லையாம். தண்ணீரில்லாமல் வெயிலில் ஓடியதில் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டதாம். முதல் நாளே சொல்லியிருக்கலாமே தம்பி என்று மட்டும் சொன்னார். ஒன்பதாம் நாள் அவன் போய்விட்டான்.

காரியம் முடிந்த மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

"அது கடையில விக்கிற சாமானாமே. பொறவு எதுக்குலே எம்புள்ள மறைச்சான்?"

"தெரிஞ்சா போலீஸ் வேல கிடைக்காதுன்னு பயந்துட்டோம், மாமா."



"நான் அவன்ட்ட வேலையா கேட்டேன்லே?" என்றார் அவர்.

கேட்டிருந்தார். வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்டிருந்தார். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.