சத்தக்காரனின் நிரந்தர முகவரி

கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண்ணின் அப்பா, "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்டார். "சத்தம் விக்கிறேன் சார்" என்று பதில் வந்தது. அவர் காதைத் தேய்த்துக்கொண்டு தன் மகனைப் பார்த்தார். பெண்ணின் அண்ணன்தான் வாயைத் திறந்தார்: "கிலோ என்ன விலை மாப்பிள்ளை?" அன்று ஒட்டிக்கொண்ட பெயர் இன்றுவரை போகவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அவன் சத்தக்காரன்தான்.

தொழில் அப்படியொன்றும் கேலிக்குரியதில்லை. குறும்படம் எடுப்பவர்களுக்கும் கணினி விளையாட்டு செய்பவர்களுக்கும் மழை வேண்டும், கதவு வேண்டும், தட்டு ஒன்று விழுந்து உடைய வேண்டும். அதையெல்லாம் இவன் மைக் வைத்துப் பதிவு செய்து, இரைச்சலை நீக்கி, தன் இணையக் கடையில் போடுவான். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ வாங்குவார்கள். பாதிப் பேர் கிரிப்டோ என்கிற இணைய நாணயமாகத் தருவார்கள். அதை இவன் வங்கிப் பக்கமே கொண்டுபோனதில்லை. ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவான், அதைக் கொடுத்து வேறொன்றை வாங்குவான். கைக்குப் பணமாக வந்தால்தான் வருமானம் என்பது அவன் கட்சி.

மனைவிக்கு நகரப் பேருந்து ஓட்டும் வேலை. அந்த வேலை கிடைத்துத்தான் இருவரும் கடல் கடந்து இந்த ஊருக்கு வந்தார்கள். வரி பிடித்தது போக மிச்சம்தான் அவள் கணக்குக்கு வரும். மாதா மாதம் அவளுடைய சம்பளச் சீட்டைப் பார்த்து இவன் உச்சுக் கொட்டுவான். ஏனென்றால் இவன் எந்த நாட்டுக்கும் ஒரு பைசா கட்டியதில்லை. வருஷத்தில் கொஞ்ச மாதம் இங்கே, கொஞ்ச மாதம் ஒரு துறைமுக ஊரில், மீதி மலையோரத்தில் ஒரு வாடகை அறையில்.

"ஒரு நாட்டுல பாதி வருஷம் இருந்தாத்தான் நாம அந்த நாட்டு ஆளு. நான் எங்கயுமே பாதி வருஷம் இருக்கறதில்ல. அப்ப யாரு வந்து என்னைக் கேப்பா?" விருந்துக்கு வந்தவர்களிடம் இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வரும் களையைப் பார்க்க வேண்டும். கேட்டவர்களும் 'அடேயப்பா' என்பார்கள். அந்த விருந்துகளுக்கு வரிச் சட்டம் தெரிந்தவர் யாரும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவர்கள் குடியிருந்தது மூன்றாம் மாடியில், வாடகைக்கு. வீட்டுக்காரர் தன் மகளோடு போய் இருக்கப்போவதாகவும், வீட்டை விற்பதாகவும், முதல் வாய்ப்பு இவர்களுக்குத்தான் என்றும் ஒருநாள் வந்து சொன்னார். மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் வெளியாளுக்குக் கொடுத்துவிடுவாராம். அவர் படியிறங்குவதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். காலை வெயில் சமையல் மேடை வரைக்கும் வரும் வீடு. பணிமனைக்கு நடந்தே போகலாம். அவளுக்கு இந்த வீடுதான் வேண்டும். வேறு எதையும் பார்க்கவும் அவள் தயாராக இல்லை.

அவள் சம்பளத்தை மட்டும் வைத்து அவ்வளவு கடன் தர முடியாது என்று வங்கியில் சொன்னார்கள். சத்தக்காரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "முன்பணம் முழுசும் நான் போடறேன். கிரிப்டோ இருக்கு" என்றான், பெரிய ஜமீன்தார் மாதிரி. அது எப்படிச் சம்பாதித்தது, வரி எங்கே கட்டியது என்று அதிகாரி கேட்டார். இவன் விருந்தில் சொல்லும் வசனத்தை அங்கேயும் எடுத்துவிட்டான். அதிகாரி அடேயப்பா சொல்லவில்லை. கோப்பை மூடி, வரி கட்டிய தாள்களோடு வரச் சொன்னார்.

வெளியே வந்து நிறுத்தத்தில் நின்றார்கள். அவளுக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் பேருந்தை நிறுத்தியும் அவள் ஏறவில்லை.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள். "நீங்க எங்கயுமே இல்லன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறீங்க. இப்ப பேங்க்லயும் சொல்லியாச்சு. அப்ப இத்தனை வருஷமா நான் யார்கூட குடும்பம் நடத்தறேன்?"

"அது வரிக்காகச் சொல்றது..."

"வரிக்காகச் சொன்னாலும் எனக்கும் காது இருக்குல்ல?"

அடுத்த பேருந்து வந்ததும் அவள் ஏறினாள். சத்தம் விற்பவன் சத்தம் போடாமல் பின்னாலேயே ஏறினான்.

மறுநாள் அவனை ஓர் ஆடிட்டர் அம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. மேசையில் ஆறிப்போன காபி. அவனுடைய தத்துவத்தை ஆடிட்டர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உங்க பல் டாக்டர் எங்க இருக்காரு?" என்றார்.

"இங்க."

"குளிருக்குப் போடற கோட்டு?"

"இங்க, பீரோல."

"சம்சாரம்?"

அவன் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். "இங்கதான்."

"அப்ப நீங்க எங்கதான் சார் இருக்கீங்க?" என்று அவர் சிரித்தார். நாட்களை எண்ணுவது ஒரு கணக்குத்தான். நிலையான வீடு எது, குடும்பம் எங்கே, பிழைப்பு எங்கே நடக்கிறது என்பதையும் இந்த நாட்டில் பார்ப்பார்கள் என்று விளக்கினார். அதோடு விடவில்லை. "ஒரு காசைக் கொடுத்து இன்னொண்ணு வாங்கினாலே வித்த மாதிரிதான். அன்னிக்கு என்ன விலையோ அதுல லாபம் இருந்தா வரி."

"அப்புறம் அதோட விலை பாதியா விழுந்துடுச்சே மேடம்!"

"விழுந்ததுக்கு நான் என்ன பண்ணட்டும்? தூக்கியா நிறுத்த முடியும்?"

அவன் சுருதி கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் விடுகிற ஆளில்லை. வீடு இங்கே இருக்கலாம், தொழில் நடப்பது வெளியூர்களில்தான் என்று வாதாடினான். "அப்படின்னா எந்தச் சத்தம் எங்க எடுத்தது, எது வித்ததுன்னு காட்டுங்க. நியாயம் இருந்தா உங்களுக்காக நானே சண்டை போடறேன்" என்றார் ஆடிட்டர். ஜெயித்த மாதிரியே அவன் படியிறங்கினான்.

மனைவி வேலைக்குப் போன பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து, கடையில் எது அதிகம் விற்றது என்று வரிசைப்படுத்தினான். துறைமுகத்துக் கப்பல் ஊதல் மேலே வரும் என்று எதிர்பார்த்தான். அதை நாலைந்து பேர் வாங்கியிருந்தார்கள். மலைக்காற்று, சந்தைக் கூச்சல் எல்லாம் சீந்துவாரில்லாமல் கிடந்தன. அவை எல்லாக் கடையிலும் கிடைக்கும். விற்றது வேறு. குழாய் சொட்டுவது. சமையலறையில் காலை நேரம். படிக்கட்டில் களைத்த கால்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மற்ற எதுவும் கிட்டே நெருங்க முடியாதபடி, 'வீடு திரும்புதல்' என்று அவன் பெயர் வைத்த ஒரு சின்னப் பதிவு.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டான். பூட்டில் சாவி திரும்புகிறது. ஈரத்தில் ஊதிப்போன கதவு தரையில் இழுபடுகிறது. ஒரு ஷூ விழுகிறது, கொஞ்சம் கழித்து இன்னொன்று. பிறகு ஒரு பெண் குரல், அடிவயிற்றிலிருந்து: "அப்பாடா."

அவள் வேலை முடிந்து வந்த ஏதோ ஒரு நாள். இவன் வேறெதற்கோ மைக்கைத் திறந்து வைத்திருந்தபோது பதிவானது. முகம் தெரியாத எத்தனையோ பேருடைய படங்களில் இந்த வீட்டுக் கதவு திறந்துகொண்டிருக்கிறது. அவன் சோறு தின்பது இந்தக் கதவால். மாதம் முடிந்தால் இந்தக் கதவே வேறொருவருடையது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, காணாமல் போனது கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷமும் வந்தது.

சாயங்காலம் அவள் வந்ததும் உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டினான். முதலில் அவளுக்குப் புரியவில்லை. கடைசி வார்த்தை வந்ததும் நிமிர்ந்தாள்.

"அடப்பாவி! என் அப்பாடாவையா வித்துட்டிருக்கீங்க?"

"நம்ம கடையிலயே அதுதான் நம்பர் ஒன்."

"எனக்குப் பங்கு?"

"வீடு" என்றான். "நான் இங்கதான் இருக்கேன்னு எழுதிக் கொடுத்துடறேன். முந்தின வருஷங்களுக்கும் சேர்த்து. எவ்வளவு ஆனாலும் ஆகட்டும்."

அவள் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். குழாயடியில் நெடுநேரம் நின்றாள்.

ஆனது கொஞ்சநஞ்சமில்லை. வரி, வட்டி, அபராதம். தானாக முன்வந்து சொன்னதால் அபராதத்தில் பெரும்பகுதியைக் குறைத்தார்கள். அப்படியும் சேர்த்து வைத்த கிரிப்டோவில் பாதி கரைந்தது. நல்லவேளை, வாங்குவது உறுதி என்று மாதக் கடைசிக்குள் சொன்னதால் வீட்டுக்காரர் அதுவரை காத்திருந்தார். மனைவியின் அண்ணன் தொலைபேசியில், "என்ன மாப்பிள்ளை, இப்ப கிலோ என்ன விலை?" என்று கேட்டார். "வரியோட சேர்த்துச் சொல்லவா, தனியாச் சொல்லவா மச்சான்?" என்று இவன் திருப்பிக் கேட்டான். வரி கட்டியும் சத்தக்காரன் அடங்கிவிடவில்லை.

முன்பணம் குறைந்துபோனதே என்று பயந்துகொண்டேதான் வங்கிக்குத் தாள்களை அனுப்பினார்கள். ஆனால் வரி கட்டிய வருமானம் வருமானமாகவே கணக்கில் ஏறும் என்பதை இருவருமே யோசித்திருக்கவில்லை. இரண்டு சம்பாத்தியத்தையும் சேர்த்துப் பார்த்ததில் கடன் தொகை கூடியது. கையெழுத்துப் போட வரச் சொல்லி அழைப்பு வந்தது. அவள் முந்தின நாளே போட்டுவிட்டாள். இவன் மட்டும் போய்ப் போட வேண்டும்.

போனான். பெயருக்குக் கீழே நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம். பல வருஷமாக அந்தக் கட்டத்தில் கோடு போட்டே பழகியவன், கொட்டை எழுத்தில் மாடி எண்ணோடு எழுதினான்.

வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பினான். கதவு வழக்கம்போல இழுபட்டது. இனி அதன் அடியைச் சீவுவதா வேண்டாமா என்பது வீட்டுக்காரருடைய கவலையில்லை, அவனுடைய கவலை. ஒரு ஷூவை உதறினான், மற்றதையும் உதறினான். சுவரில் சாய்ந்தான். தன்னை அறியாமல் வாயிலிருந்து வந்தது: "அப்பாடா."

சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். கையில் அவனுடைய மைக், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அப்படியே நில்லுங்க, அசையாதீங்க" என்றாள். "இது என் கடைக்கு. வரியை நானே கட்டிக்கறேன்."