தவற்றின் காரணம் கேட்ட அக்கா

அக்கா இல்லாத ஓர் ஆண்டைக் கடந்து வந்து, இந்த நினைவு மலரை உங்கள் கைகளில் தருகிறேன்.

அக்கா பிறந்தது பூந்தமல்லியில். அப்பா லாரிப் பட்டறையில் பெயின்டர். அம்மா மறைந்தபின் என்னைப் படிக்க வைத்து மணமுடித்துத் தந்தது அக்காதான். தமக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. என் கணவர் இறந்ததும் கரையான்சாவடியில் அக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

வேலப்பன்சாவடி அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். தொகையிடல் என்னும் இன்டக்ரேஷன் கணக்குகளில் பிள்ளைகள் செய்யும் தவறுகளே அவருடைய கவலை. ஒரு மாறிக்குப் பதில் வேறொன்றைப் பிரதியிட்டபின், அதற்கேற்ப எல்லைகளை மாற்ற மறப்பார்கள். இரண்டு சார்புகளின் பெருக்கலைத் தனித்தனியே தொகையிட்டுப் பெருக்கிவிடுவார்கள். கவனக்குறைவு என்பார்கள் மற்ற ஆசிரியர்கள். கூட்டலைப் பிரித்துத் தொகையிடலாம் என்று சரியாகக் கற்ற பிள்ளைதான் பெருக்கலையும் பிரிக்கிறது என்பார் அக்கா. அதனால் விடையை அடித்துவிடாமல், ஏன் இப்படிப் போட்டாய் என்று ஒவ்வொருவரையும் கேட்பார்.

ஒருநாள் பிரகாஷ் என்ற மாணவர், அலைபோல் மேலும் கீழும் வளையும் சைன் வளைவரை ஒரு முழுச் சுற்றில் அச்சோடு அடைக்கும் பரப்பு பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தார். அச்சுக்குக் கீழுள்ள பகுதி கழித்தல் குறி பெற்று, மேலுள்ளதை இல்லாமல் செய்துவிட்டது. அக்கா படம் வரையச் சொன்னார்.

"இவ்ளோ இடம் கண்ணுக்குத் தெரியுதேப்பா. சைபர்னு வந்தப்ப சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு மேடம். ஆனா கணக்குல அப்டிதான கீது. நம்ம கண்ண நம்பி இன்னா பண்றது?"

அன்று மாலை அக்கா சாப்பிடவில்லை. தங்கள் கண்ணையே நம்பக்கூடாது என்று இந்தப் பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்தே பழக்கிவிட்டோம் என்று என்னிடம் வருந்தினார்.

இப்படிக் கேட்டுக்கொண்டே போனதில் பாடங்கள் பின்தங்கின. நிர்வாகம் எச்சரித்தது. கேட்பதை நிறுத்த மாட்டேன் என்றார் அக்கா. வகுப்புகளை அவரிடமிருந்து பறித்து, அவரைத் தேர்வுப் பிரிவில் உட்கார வைத்தார்கள். பிரகாஷும் நண்பர்களும் அங்கேயே தேடி வந்து கற்றார்கள். தேறினார்கள், படிப்பு முடிந்து போனார்கள். அதன்பின் யாரும் வரவில்லை. வீட்டிலும் அக்கா கணிதம் பேசுவது நின்றுபோயிற்று. எனக்கு அதிகம் புரியாது என்றாலும், பேசமாட்டாரா என்றிருக்கும்.

பிறகு சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியது. செய்தி அறிந்து பிரகாஷ் மருத்துவமனைக்கு வந்தபோது அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. அருகில் அமர்ந்து தன் வேலையைப் பற்றியெல்லாம் சொன்னார். அக்கா கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை அக்கா கண் மூடினார்.

சிகிச்சைக்கு அழைத்துச் சென்ற ஆட்டோ அண்ணனுக்கும், கீழ்வீட்டுக் குடும்பத்தாருக்கும், ஜெபித்த எங்கள் தேவாலயப் பங்கு மக்களுக்கும், கல்லறை வரை வந்த மாணவர்களுக்கும் என் நன்றி. ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லாரும் அவரவர் வீட்டாரோடு கிளம்புகையில், நான் கோயில் வாசலில் சற்று நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன்.

அன்புத் தங்கை