மச்சான் விற்ற பொக்லைன்

இப்போதெல்லாம் ஓசூரில் எங்கள் ஷெட்டுக்கே வண்டிகள் வந்துவிடுகின்றன. டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து லேப்டாப்பைச் சொருகிப் பார்க்கிறேன். சொகுசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் என் வீட்டுக்காரர் பைக் ஓட்ட, பின்னால் நான் லேப்டாப் பையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த அந்த நாட்களுக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது. கல்யாணமான புதுசு வேறு. கம்பெனியில் வண்டிகளுக்கு வயர் கட்டும் லைனில் வேலை பார்த்தவள் நான். அவர் பொக்லைன் மெக்கானிக். புகையைச் சுத்தம் பண்ணும் சென்சார்களோடு வண்டிகள் வர ஆரம்பித்ததும், "இந்த வயர் சமாச்சாரம் நமக்கு ஆகாது, நீ வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டார். ஹைட்ராலிக் அவருக்கு, சென்சார் எனக்கு. சண்டை இரண்டு பேருக்கும் பொது.

அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டது அப்போதுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பொக்லைன், வந்து ஒரு வாரத்தில் படுத்துவிட்டதாம். பண்ணைக்குட்டை வெட்டப் போன இடத்தில், பாதிக் குழியோடு நிற்கிறதாம். காலையிலேயே கிளம்பிவிட்டோம். தேன்கனிக்கோட்டையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு செட் பூரி. கடைக்காரர் கன்னடத்தில் கேட்டார், இவர் தெலுங்கில் பதில் சொன்னார், நான் தமிழில் இன்னும் கொஞ்சம் கிழங்கு கேட்டேன். மூன்றும் அவருக்குப் புரிந்தது, கிழங்கு மட்டும் வரவில்லை. அதற்கப்புறம் வளைவும் காடுமாக ரோடு போகும். யானை வந்தால் என்ன செய்வது என்று நான் கேட்க, "உன்னை இறக்கி விட்டுடுவேன், அது பயந்து ஓடிடும்" என்றார். முதுகில் ஒரு குத்து விட்டேன்.

வண்டியை வாங்கிய அந்த விவசாயி எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"பாத்துட்டு ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும்மா. தெரிஞ்சே ஓட்ட வண்டிய என் தலைல கட்டிட்டான்னு. பெரியவங்க முன்னாடி வந்து சொல்லணும்."

"யாருங்க கட்டுனது?"

"என் மச்சான். தங்கச்சி புருஷன்."

தங்கையை ஆனேக்கல் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார். அவள் புருஷன் அங்கே பொக்லைன்களை வாடகைக்கு விடுகிறவர். தன்னிடமிருந்த ஒன்றைத்தான் மைத்துனருக்கு விற்றிருக்கிறார். வண்டி படுத்ததும் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து பார்த்த ஒரு மெக்கானிக், "சென்சார் எப்பவோ போயிருக்கும், மறைச்சு வித்திருக்காங்க" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. விவசாயி உடனே மச்சானைப் போனில் பிடித்து வாய்க்கு வந்ததையெல்லாம் பேசித் தீர்த்திருக்கிறார்.

மீதிக் கதையை அவர் மனைவிதான், மோர் கொடுக்கும் சாக்கில் என் காதோடு சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கையின் குழந்தைக்குக் காதுகுத்து. "வேற மாமனப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டாராம் இவர். கூடப் பிறந்தவர் இவர் ஒருத்தர்தான், வேறு மாமனுக்கு அவள் எங்கே போவாள்? "அழுதுகிட்டே கெடக்குதுங்க அந்தப் பொண்ணு. இவருகிட்ட யாரு பேசறது?" என்றார். எனக்கும் ஒரே அண்ணன்தான்.

"டாக்டரம்மா, நாடி பாரு" என்றார் என் வீட்டுக்காரர். லேப்டாப்பைச் சொருகினேன். யூரியாவின் தரம் சரியில்லை என்று எச்சரிக்கை நின்றது. இந்த வண்டிகளில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று இருக்கும். பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரியே இருக்கிற யூரியாக் கரைசலை அதில் ஊற்ற வேண்டும். புகையின் விஷத்தை முறிப்பது அதுதான். கரைசல் சரியில்லையென்று சென்சார் சொன்னால் வண்டி தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் பக்கெட்டைத் தூக்கவே முக்கும். பலபேர் இதைப் பார்த்ததும் சென்சாரைக் கழற்றி எறிவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீடு எரிகிறது என்று கத்துகிறவன் வாயைப் பொத்துகிற புத்தி அது.

வயரைப் பார்த்தேன், சாக்கெட்டைப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். கடைசியில் டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கெட்டி பார்க்கும் சின்னக் கண்ணாடிக் கருவியில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கோடு நிற்க வேண்டிய இடத்துக்கு ரொம்பக் கீழே நின்றது.

"சென்சார் நல்லாத்தான் இருக்குது. அது சொல்றது நெசம். டேங்க்ல பாதிக்கு மேல தண்ணி."

வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்துவிட்டது. "பாத்தீங்களா! தண்ணிய ஊத்தி வித்திருக்கான்! தங்கச்சியக் குடுத்த வீடுன்னு நம்புனேனே!" என்று போனை எடுத்துவிட்டார்.

"அட இருங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரரே திரும்பிப் பார்த்தார். "எடுத்தேன் கவுத்தேன்னு பேசாதீங்க. தண்ணியோட வந்திருந்தா வந்த அன்னிக்கே படுத்திருக்கும். ஒரு வாரம் ஓடுச்சில்ல? இங்க வந்தப்பறம் இந்த மூடியத் தொறந்தது யாரு?"

"நான் எதுக்குத் தொறக்கறேன்?"

"நீல மூடியாங்க?" என்றார் அவர் மனைவி, மோர்ச் சொம்போடு. "வண்டி படுக்கறதுக்கு மொத நாளுதாங்க, நல்ல நாளுன்னு பூஜை போட்டோம். அன்னிக்கு நாத்தனாரு ஒகேனக்கல்லுல இருந்து ஒரு கொடம் காவேரித் தண்ணி கொண்டாந்துச்சுங்க. அண்ணன் வண்டி நல்லா ஓடணும்னு வேண்டிக்கிட்டு. வண்டி மேல தெளிச்சது போக மீதி இருந்துச்சு. கால் படற எடத்துல ஊத்தக்கூடாதில்லீங்களா? டீசல்ல தண்ணி போகக்கூடாதுன்னு எங்களுக்குத் தெரியும். இதுல தண்ணி மாதிரிதான இருக்குதுன்னு... நான் மூடியத் தொறந்தேன், அது ஊத்துச்சு. இவரு அப்ப பந்தியில இருந்தாரு."

என் வீட்டுக்காரர் சட்டென்று என்ஜின் பக்கம் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. எனக்கும் பொத்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. வண்டியின் இரும்புச் செயின் பட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னென்னமோ பேசிட்டேனே அந்த மனுசன" என்றார்.

டேங்கைக் காலி செய்து, கழுவி, புதுக் கரைசல் ஊற்றினோம். வடித்ததைக் கீழே கொட்ட விவசாயி விடவில்லை. வாளியில் பிடித்துத் தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். "யூரியாவும் இருக்கு, காவேரியும் இருக்கு, காய் எப்படிக் காய்க்குதுன்னு பாருங்க" என்றார் என் வீட்டுக்காரர். விவசாயியின் மனைவியிடம் நான், "இனிமே தண்ணி மீந்தா மரத்துக்கு ஊத்துங்க, மூடியத் தொடாதீங்க தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எச்சரிக்கை போய், கொஞ்ச நேரத்தில் என்ஜின் முழு மூச்சில் உறுமியது. பக்கெட் மண்ணை அள்ளிக்கொண்டு மேலே எழும்பியதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவர் மட்டும் போனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நீங்க போடறீங்களா, நான் போடட்டுமா?" என்றேன்.

போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அமுக்கிவிட்டார். எடுத்த தங்கை ஏன் என்று கேட்கவில்லை, திட்டவில்லை.

"அண்ணா... வண்டி ஓடுதாண்ணா?"

"ஓடுதும்மா" என்றார் ஒருவழியாக.

"என்னாதான் ஆச்சாம்ணா? எங்க வீட்டுக்காரரு சத்தியமா எதையும் மறைக்கலண்ணா. நான்கூட அவ்ளோ வேண்டிக்கிட்டுத் தண்ணி ஊத்துனேனே, அப்படியும் ஏன்ணா இப்படி ஆச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். போனை என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, நான் மெக்கானிக் பேசறேன்" என்றேன். "சென்சார் போயிடுச்சும்மா. அது தானாப் போறதுதான். யாரும் பண்ணதில்ல, உங்க வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சிருக்காது. சரி பண்ணியாச்சு."

தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒரு நல்ல சென்சாரைக் கெட்டது என்று நான் சொன்னது அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரர் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அதான பாத்தேன்! காவேரித் தண்ணி உள்ள இருக்கறப்ப பெருசா ஒண்ணும் ஆயிடாதுன்னு நெனச்சேங்க."

அவர் போனை வாங்கிக்கொண்டார். முகம் முழுக்கக் கண்ணீர், துடைக்கக்கூட இல்லை.

"ஆமாம்மா, அதுதான் காப்பாத்துச்சு. மச்சான்கிட்டக் குடு, நான் பேசணும். ஞாயித்துக்கெழம விடிய வந்துடறேன். பாப்பாவ வேற யாரு மடியிலயும் உக்கார வெச்சிடாத."