பம்புக்காரர் எழுப்பிய செயின் வண்டி

தையற்காரர் கடை போட்ட புதிதில், ஒரு தலைமை ஆசிரியரின் சட்டைக்குப் பையை வலதுபக்கம் வைத்துத் தைத்துவிட்டார். சட்டை மறுநாள் காலையில் போகவேண்டியது. பிரித்தால் துணியில் ஊசித்தடம் தெரியும். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அவருடைய அக்காள் கணவர் பட்டறையிலிருந்து வந்தார். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைத்தெருவுக்குப் போனார். அதே நிறத்தில் அதே துணி வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டு, பிழைபட்ட சட்டையைத் தாமே எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்குப் பை வலதுபக்கம்தான் வசதி மாப்ளே. இடதுபக்கம் இருந்தா பம்புல இடிக்குது" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ சட்டை தைத்தாயிற்று. எல்லாவற்றுக்கும் பையை வலதுபக்கமே வைக்கச் சொன்னார். யார் கேட்டாலும் பம்பைத்தான் காரணம் காட்டினார். மைத்துனர் பெயர் அதில் ஒருநாளும் வந்ததில்லை.

அவரைப் பம்புக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். டீசல் எஞ்சினுக்கு டீசலை அளந்து ஊட்டுகிற பம்பு இருக்கிறதே, அதைக் கழற்றி, கழுவி, சரிபார்த்துத் திரும்ப மாட்டுவது அவர் தொழில். லாரி வாசலில் வந்து நிற்கும்போதே உள்ளேயிருந்து, "மூணாவது நாசில் அடைச்சிருக்கு, நாளைக்கு வா" என்பார். டிரைவர் இறங்கவே தேவையில்லை. ஆண்டவன் அவருக்கு அப்படி ஒரு காது கொடுத்திருந்தார்.

அவருடைய ஐம்பத்து மூன்றாவது வயதில் பட்டறைக்கு வண்டி வருவது குறைந்தது. சரிபார்த்துப் போன பம்புகள் பத்து நாளில் திரும்பி வந்தன. பிறகு பம்புகளும் வரவில்லை, பேச்சு மட்டும் வந்தது. "எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிடுச்சு மாப்ளே" என்று அவர் சொன்னார். தையற்காரர் நம்பினார். நம்புவது சுலபமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கண்ணாடிக் கடைக்காரர் கிடங்கு கட்ட ஒரு மனை வாங்கினார். மனையின் மூலையில் ஒரு பழைய செயின் வண்டி கிடந்தது. முன்னால் மண் அள்ளுகிற பக்கெட், கீழே டயருக்குப் பதிலாக இரண்டு பக்கமும் இரும்புச் செயின். யாரோ நிறுத்திவிட்டுப் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. பக்கெட்டுக்குள் மழைத்தண்ணீர் நின்று, அதில் தவளைகள் மூன்று தலைமுறையாகக் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தன. சீட்டைக் கறையான் எடுத்துக்கொண்டது. வலது செயினுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மரம் முளைத்து, வண்டியைவிட உயரமாகிவிட்டது.

பம்புக்காரர் போய்ப் பார்த்தார். சுற்றிவந்தார். ஒரு நட்டைத் தட்டினார்.

"அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை காஸ் கட்டர் ஆளுங்க வர்றாங்க, துண்டு போட்டு எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார் கண்ணாடிக்காரர். "அதுக்குள்ள அது தானா நடந்து வெளியே போச்சுன்னா நீங்களே வச்சுக்குங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். பம்புக்காரர் சிரிக்கவில்லை.

நேராக மைத்துனர் கடைக்கு வந்தார்.

"ஏரி வேலை, வாய்க்கால் வேலைக்கு டயர் வண்டி இறங்கினா புதைஞ்சிடும் மாப்ளே. செயின் வண்டி புதையாது. சுத்துவட்டாரத்துல யாருகிட்டயும் இல்ல. இது எழுந்திருச்சா எனக்குப் பதினஞ்சு வருஷ வேலை. எழுந்திரிக்கலைன்னா பட்டறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டு, உங்க அக்கா சம்பளத்துல உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான்."

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை. அந்தச் சம்பளத்தில் இருவர் சாப்பிடலாம். ஆனால் ஒருவருக்குத் தொண்டையில் இறங்காது.

"அதுக்கு நான் என்ன அத்தான் பண்ணணும்?"

"கூட நில்லு."

"எனக்கு ஊசிதானே தெரியும்?"

"இதுவும் ஊசிதான். கொஞ்சம் பெருசு."

தையற்காரர் தினமும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் போனார். முதலில் மரத்தை வெட்டினார்கள். தவளைகளை வாளியில் அள்ளிப் பக்கத்துக் குட்டையில் விட்டார்கள்; தண்ணீரோடு அள்ளித் தரையில் கொட்டியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை, பம்புக்காரர் சம்மதிக்கவில்லை. சைலன்சர் குழாய்க்குள்ளிருந்து ஒரு சாக்கு நிறையப் பறவைக்கூடு வந்தது. டீசல் டாங்கில் பாதி தண்ணீர், மீதி சேறு.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. டீசலும் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி ஊறவிட்டார்கள். தினமும் கடப்பாரையைக் கொடுத்து எஞ்சினின் பெரிய சக்கரத்தை நெம்பிப் பார்ப்பார் பம்புக்காரர். ஆறு நாள் அது அசையவே இல்லை. ஏழாவது நாள் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. தையற்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தார்.

"அரை அங்குலம் அத்தான். காஜா எடுக்கலாம்."

எட்டாவது நாள் இரண்டேகால் அங்குலம், சட்டைக் காலர் அளவு. ஒன்பதாவது நாள் சக்கரம் ஒரு முழுச் சுற்று வந்தது. அதற்குத் தையற்காரரிடம் அளவு இல்லை. இரண்டு பேரும் அந்த வண்டியின் செயின்மேல் உட்கார்ந்து ஒரு தூக்குவாளி தேநீரைக் குடித்துத் தீர்த்தார்கள்.

பம்பை மட்டும் பம்புக்காரர் பட்டறைக்கு எடுத்துப்போய்த் தனியாகவே பார்த்தார். அதற்குள் ஒரு கம்பி உண்டு. அது உள்ளே போனால் டீசல் கூடும், வெளியே வந்தால் குறையும். நன்றாக இருக்கிற பம்பில் கம்பி தன் இடத்துக்குத் திரும்பும்போது மெல்ல 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையைப் பம்பில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். முப்பது வருஷமாக அப்படித்தான். அன்றைக்கும் கேட்டார். தலையாட்டினார். கொண்டுவந்து மாட்டினார்.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க நாள் குறித்தார்கள். பம்புக்காரர் மைத்துனரிடம் ஒரு பலகையைக் கொடுத்தார்.

"உனக்கு ஒரே வேலைதான். எஞ்சின் அடங்காம ஓடிச்சுன்னா இந்தப் பலகையைக் காத்து இழுக்கிற வாயில வச்சு அமுக்கு. துணி வைக்காதே, உனக்குத் துணிதான் முதல்ல ஞாபகம் வரும். துணியை விழுங்கிடும்."

"அடங்காம ஓடுமா?"

"ஓடாது. பம்பு நான் பார்த்தது."

தையற்காரர் தரையெல்லாம் சேறாக இருக்கிறதே என்று அந்தப் பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மனசுக்குள் கடவுளை வேண்டிக்கொண்டார். வேண்டுதலில் குறையில்லை. இடம்தான் சரியில்லை.

எஞ்சின் இரண்டு முறை தும்மியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. கரும்புகை நிமிர்ந்து எழுந்தது. பம்புக்காரர் ஒரு கையால் வண்டியைத் தடவிக் கொடுத்தார். கையைத் துணியில் துடைத்தார். மனையின் அந்தக் கோடியில் நின்ற கண்ணாடிக்காரரிடம் சொல்வதற்காகத் திரும்பி நடந்தார்.

அவர் பத்தடி போயிருப்பார். எஞ்சின் சத்தம் ஏறத் தொடங்கியது. ஏறி, ஏறி, நிற்காமல் ஏறி, ஊளையாகி, கிறீச்சென்று அலறலாக மாறியது. வண்டி இருந்த இடத்திலேயே உதறியது. மூடி ஒன்று தெறித்துக் குட்டையில் விழுந்தது. "அத்தான்!" என்று தையற்காரர் கத்தினார். பம்புக்காரர் நடந்துகொண்டிருந்தார். "அத்தான்! அத்தான்!" கண்ணாடிக்காரர் செருப்பை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினார். பம்புக்காரர் அவருக்குக் கைதூக்கி மரியாதையாகச் சிரித்தார்.

தையற்காரர் பலகையைத் தேடினார். கண்ட இடமெல்லாம் தேடினார். பிறகுதான் எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. சேறு பலகையை விடமாட்டேன் என்றது. இழுத்துப் பிடுங்கி, ஓடி, எஞ்சின் வாயில் அறைந்தாற்போல வைத்து, மேலே தன் மார்பையும் கொடுத்து அமுக்கினார். பலகை கையைவிட்டு உள்ளே போய்விடும்போல இழுபட்டது. எஞ்சின் விக்கி, மூச்சடைத்து நின்றது.

பம்புக்காரர் திரும்பிவந்தார்.

"ஏன் மாப்ளே நிறுத்தினே? நல்லாத்தானே ஓடிச்சு."

தையற்காரர் அவரைப் பார்த்தார். முகமெல்லாம் சேறு, சட்டையெல்லாம் கரி. "அத்தான், அது அலறிச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

பம்புக்காரர் பம்பைப் பார்த்தார். குனிந்து விரலால் உள்ளே கம்பியைத் தொட்டார். அது உள்ளேயே சிக்கி நின்றது. நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

"வலது காது போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இடது காது போன வருஷம் அதுக்குத் துணைக்குப் போச்சு. தடிச்ச சத்தம் கேக்கும். மெல்லிசு, கூர்மை எதுவும் கேக்காது."

"பம்புல டிக்குன்னு…"

"கேட்ட மாதிரி இருந்துச்சு மாப்ளே. முப்பது வருஷமா கேட்டதில்ல, அந்த ஞாபகம்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பம்பு பார்க்கிறவன் செவிடுன்னா யாராவது வருவாங்களா? செயின் வண்டி ஓட்டுறவன் செவிடுன்னா ஒருத்தரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. அந்தத் தொழில்ல எல்லாரும் செவிடுதான். அதுக்குத்தான் இந்தப் பாடு. உங்க அக்காவுக்குத் தெரியக்கூடாது. தாங்க மாட்டா."

தையற்காரர் கடவுள்மேல் ஆணையிட்டுச் சத்தியம் செய்தார்.

சாயங்காலம் முகம் கழுவ அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா சோப்பையும் துண்டையும் நீட்டியபடி, "எது அப்படி அலறினது? ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டுச்சு" என்றாள்.

"வண்டி, அக்கா."

"அவருக்குக் கேட்டுச்சா?"

தையற்காரர் மூக்கில் சோப்பு ஏறிவிட்டதுபோல நடித்தார்.

"நடிக்காதேடா. எங்க பிரிவுல மெஷின் சத்தத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்காது, வாயைப் பார்த்துத்தான் பேசுவோம். ரெண்டு வருஷமா அவருகிட்டயும் அப்படித்தான் பேசுறேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவாரு. வாயைத் திறந்தே, நீ எனக்குத் தம்பியே இல்ல."

தையற்காரர் அவளிடமும் சத்தியம் செய்தார். ஒரே நாளில், ஒரே கடவுளிடம், ஒரே விஷயத்துக்கு இரண்டு சத்தியம். கடவுள் கணக்குவழக்குப் பார்க்கிறவர் இல்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் பட்டறையில் பம்பை மறுபடி பிரித்தார்கள். பம்புக்காரர் கம்பியைத் தேய்த்துப் போடுவார். தையற்காரர் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒன்றும் கேட்காவிட்டால் இல்லையென்று தலையாட்டுவார். மறுபடி பிரிப்பது, மறுபடி தேய்ப்பது. பதினோரு முறை ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் முறை ஒரு சத்தம் வந்தது, மேசையில் குண்டூசி விழுந்ததுபோல. தையற்காரர் கையைத் தூக்கினார்.

"நிச்சயமா?"

"டிக்."

"இன்னொரு தடவை."

ஒன்பது தடவை போட்டுப் பார்த்தார்கள். ஒன்பது தடவையும் கை உயர்ந்தது. அதற்குப் பிறகுதான் பம்புக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை காஸ் கட்டர் ஆட்கள் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து பார்த்தார்கள். எஞ்சின் பிடித்தது. இந்த முறை தையற்காரர் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே இருந்தார். சத்தம் ஏறவில்லை. கொதிக்கிற பானைபோல ஒரே சீராகக் கிடந்தது. பம்புக்காரர் மேலே ஏறி, சீட்டுக்குப் பதிலாகப் போட்டிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து, மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் தலையாட்டினார்.

வண்டி நகர்ந்தது. பதினெட்டு வருஷத் துரு செயினிலிருந்து உதிர்ந்தது. வாசல் இடதுபக்கம் இருந்தது. இடதுபக்கத்துக் கிளட்ச் இன்னும் இறுகியே கிடந்ததால் வண்டி வலதுபக்கம் மட்டும்தான் திரும்பியது.

"சுவர்! என் சுவர்!" என்று கண்ணாடிக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மனையைச் சுற்றி எழுப்பியிருந்த புதுச் சுவருக்கு முன்னால் நின்றார்.

பம்புக்காரர் வலதுபக்கம் திருப்பினார். அந்த மூலைக்குப் போய் மறுபடி வலதுபக்கம். பிறகு இன்னொரு முறை வலதுபக்கம். வட்டமடித்து முடித்தபோது வாசல் நேர் எதிரே இருந்தது. சுவருக்கு ஒரு சாண் இடம் விட்டு, ரோட்டில் இறங்கி, போய்விட்டார். கட்டர் ஆட்களில் ஒருவர், "அப்ப எதைத்தான் வெட்டறது?" என்று கேட்டார். கண்ணாடிக்காரர் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

பம்புக்காரர் சொன்ன பதினைந்து வருஷம் பதினாறாக நீண்டது. ஏரிகள், வாய்க்கால்கள், மழையில் உடைந்த கரைகள் என்று அந்த வண்டி போகாத சேறு இல்லை. பம்பைப் பிரிக்கவேண்டி வந்தால் மட்டும் தையற்காரருக்கு ஆள் வரும். கடையில், "அத்தானுக்கு அளவு எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

வீட்டில் அக்கா, வாசலில் யாராவது கூப்பிட்டால் விளக்கைப் போடுவாள். பம்புக்காரர் உடனே, "யாரோ கூப்பிடுற சத்தம் கேக்குதே" என்று எழுந்து போவார். "உங்களுக்குப் பாம்புச் செவி" என்பாள் அக்கா, அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று. நடுவில் உட்கார்ந்திருக்கும் தையற்காரர் சுவரில் ஏதாவது படம் இருக்கிறதா என்று பார்ப்பார்.

பம்புக்காரரின் அறுபத்தொன்பதாவது வயதில் வண்டியை ஏரிக் கமிட்டிக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, மகள் வீட்டோடு போய் இருக்கப் புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பினார்கள். பஸ் நிலையத்துக்குத் தையற்காரர் வந்திருந்தார். அக்கா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். தையற்காரர் பம்புக்காரரைப் பார்த்தது அன்றுதான் கடைசி. அந்த வருஷக் கடைசியில் தூக்கத்திலேயே போய்விட்டார். கடவுள் அவரைச் சிரமப்படுத்தாமல் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குப் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பம்புக்காரர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மைத்துனரின் தோளைப் பிடித்து அருகே இழுத்தார். கடையில் நின்ற மனைவியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"எனக்குக் காது கேக்காதுன்னு அவளுக்கு முதல்லேருந்தே தெரியும் மாப்ளே. அது எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதே. பாவம், இத்தனை வருஷமா கஷ்டப்பட்டு மறைச்சு வச்சிருக்கா."