சத்தமில்லாமல் இறங்கிய கார்

தலைகுந்தாவில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் தினகரனிடம், வண்டிக்கு எந்த ஆயில் நல்லது என்று கேட்டால் வாயே திறக்க மாட்டான். ஒரு சாம்பல் டப்பாவையும் ஒரு தங்க நிற டப்பாவையும் கொண்டுவந்து பானெட் மேல் வைப்பான். இரண்டும் சிந்தெடிக் ஆயில். இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு விளம்பரம் செய்கிறவை. "உங்க வண்டி, நீங்களே சொல்லிருங்க" என்பான். வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் மாத்திரையை நீயே பொறுக்கிக்கொள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? திட்டிக்கொண்டே வண்டியை ஊட்டிக்குத் திருப்பியவர்களும் உண்டு. கைராசிக்காரன் என்பதால் மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

முன்பு இப்படி இல்லை. வாயை மூடச் சொன்னாலும் மூட மாட்டான். சிலோனிலிருந்து வந்து குந்தாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியேறிய குடும்பம். லயத்துப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருக்க, இவன் ஃபேக்டரி ஜெனரேட்டர் பக்கத்தில் போய் நிற்பான். அண்ணன் விஜயனுக்கு வண்டி ஓட்டுவதில் பைத்தியம், தம்பிக்கு அதைப் பிரித்துப் பார்ப்பதில் பைத்தியம். ஒருவன் டாக்ஸி டிரைவர் ஆனான், ஒருவன் மெக்கானிக் ஆனான். கொழுந்துக் கூடையைத் தொடாமலே பிழைத்துக்கொண்டதுகள் என்று லயத்தில் பொறாமை கலந்த பெருமை.

சிந்தெடிக் ஆயில் மலைக்கு வந்ததிலிருந்து தினகரனுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. மார்கழியில் தலைகுந்தாப் புல்வெளி உப்புக் கொட்டியது போல உறைந்து கிடக்கும். அந்த நாட்களில் காலியான இருமல் மருந்து பாட்டில்களில் ஒவ்வொரு ஆயிலிலும் கொஞ்சம் நிரப்பித் தகரக் கூரைமேல் வைத்துவிடுவான். விடிந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏறி ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்ப்பான். ஆயில் கடை நாச்சிமுத்துவுக்கு இது பெரிய வேடிக்கை. "ஏனுங்க தினகரன், ஆயிலுக்குச் சளி கட்டிக்கிச்சான்னு பாக்கறீங்களாக்கும்?" என்று கேட்டுச் சிரிப்பார்.

உறைபனியிலும் சாம்பல் டப்பா ஆயில் தண்ணீராக ஓடியது. தங்க டப்பா கெட்டி, சோம்பேறித்தனமாக நகர்ந்தது. ஆனால் அடுப்பில் காய்ச்சிப் பார்த்தால் தங்கம்தான் இளகாமல் நின்றது. மலை டிரைவர்கள் எல்லோரும் அதனால் தங்கத்தின் பக்கம். ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்கிறதே, கெட்டியாக ஏதாவது வேண்டாமா என்பது அவர்கள் கட்சி. தினகரன் விட்டுக்கொடுக்க மாட்டான். இன்ஜின் தேய்வது ஏற்றத்தில் அல்ல, குளிரில் சாவியைத் திருப்பும் முதல் நொடியில்தான், அந்த நொடியில் மேலே ஏறாத ஆயில் எதற்கு என்று கேட்பான்.

அண்ணனிடமும் அப்படித்தான் கேட்டான். விஜயனுடைய வெள்ளை கார் இன்ஜினைத் தினகரன் முழுசாகப் பிரித்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்திருந்தான். ஆயில் ஊற்றும் நேரத்தில் இரண்டு பேருக்கும் தகராறு.

"தங்கத்தையே ஊத்துடா. இது தண்ணி மாதிரி இருக்கு, பார்க்கவே பயமா இருக்கு."

"அண்ணே, ஸ்டீயரிங் பிடிக்கிறது ஒங்க வேல. இது என் வேல."

விஜயன் சிரித்துவிட்டான். "சரிடா, நீ சொன்னா சரிதான்" என்று சாம்பல் டப்பாவை அவனே எடுத்து நீட்டினான்.

அந்த வாரமே விஜயன், மசினகுடியில் காத்திருந்த சவாரியை ஏற்றிவரத் தனியாகப் போனபோது, கல்லட்டி இறக்கத்தில் ஒரு வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனான். பிரேக் பிடிக்கவில்லை என்று போலீஸ் எழுதிக்கொண்டது. வளைவுக்குக் கீழே காரட் பிடுங்கிக்கொண்டிருந்த தெய்வம்மா மட்டும்தான் பார்த்தவள். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒன்றையே சொன்னாள்.

"சத்தமே இல்லப்பா. காத்து வர்ற மாதிரி வந்துச்சு. இன்ஜின் சத்தம் கேட்டிருந்தா நான் முன்னாடியே நிமிர்ந்து பார்த்திருப்பேனே."

டாக்ஸி ஸ்டாண்டுக்கு அது போதும். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நின்றால் பிரேக் மிதி கல்லாகிவிடும், ஸ்டீயரிங் திரும்பாது. இது எல்லா டிரைவருக்கும் தெரிந்த விஷயம். இன்ஜின் ஏன் நிற்கும்? விஜயனே இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டினானா? சேச்சே. அப்படி இறங்குகிறவர்களைக் கண்டால் காரை மறித்து நிறுத்திக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறவன் அவன். இறக்கத்தில் இரண்டாவது கியரைத் தவிர எதையும் தொட மாட்டான். அப்படியென்றால் ஆயில் சூடு தாங்காமல் இன்ஜின் இறுகித்தான் நின்றிருக்க வேண்டும். தம்பிக்காரன் ஊற்றிய தண்ணி ஆயில் ஆளைத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். தினகரன் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அவன் வந்தால் பேச்சை மாற்றினார்கள். அதுவே அவனுக்குப் புரியப் போதுமானதாக இருந்தது.

அதிலிருந்து அவனுக்குச் சத்தம் நிற்பது ஆகாது. ஒர்க் ஷாப்பில் யாராவது இன்ஜினை அணைத்தால் கையிலிருக்கும் ஸ்பேனர் நழுவும். வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடி ஓய்கிற நேரம் பார்த்துச் சட்டென்று எழுந்து வெளியே போவான். தூக்கத்தில் வெள்ளை கார் வரும். முகப்பு விளக்கு எரியும், சக்கரம் சுற்றும், அண்ணனின் வாய் அசையும், ஒரு சத்தமும் கேட்காது. பயந்து செத்துப் பிழைத்தான் என்றால் மிகையில்லை.

உண்மையான காரோ ஒர்க் ஷாப் ஓரத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. போலீஸ் விட்டபின் வேறு இடம் இல்லாமல் அங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஒரு மார்கழிக் காலையில் தார்ப்பாய் முழுக்க உறைபனி வெளுத்திருக்க, இன்ஜின் இருக்கும் இடத்தில் மட்டும் பனி இல்லை. இப்போதுதான் யாரோ ஓட்டிவந்து நிறுத்தியது போல அந்த இடம் ஈரமாக இருந்தது. தினகரன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். வெகுநேரம் கழித்துத் தார்ப்பாய்க்குள் அதே இடத்தில் படுத்திருந்த ஒரு நாய் வெளியே வந்து சோம்பல் முறித்தது. பகலில் அவனே சிரித்தான். ஆனாலும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டான்.

ஒரு ஸ்பேனரை மாட்டித் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும், இன்ஜின் இறுகியிருக்கிறதா இல்லையா என்று. வருஷம் மூன்று ஆகியும் அவன் அதைச் செய்யவில்லை. தெரியாமல் இருக்கிறவரை பாதி உயிராவது மிஞ்சும் என்று நினைத்தான்.

அண்ணி ரேணுகாதான் கடைசியில் போன் செய்தாள். குந்தாப் பக்கத்து லயத்திலேயே இருந்துகொண்டு தோட்ட ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகிறவள். "அது இன்னும் அங்கயே கெடக்குதுன்னு நெனச்சா எனக்கு என்னமோ போல இருக்கு தம்பி. எங்கயாச்சும் தள்ளிவிட்டிருங்க" என்றாள். கூடலூரிலிருந்து பழைய இரும்பு வியாபாரி முனியசாமி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "இன்ஜின் உருப்படியா இருந்தா தனியா எடுத்துக்கறேன். பிரிச்சுக் காட்டுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தப்பிக்க வழியில்லை.

தினகரன் தார்ப்பாயை விலக்கினான். பானெட்டை நெம்பித் திறந்து, பெரிய ஸ்பேனரை மாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். இறுகியிருந்தால் மலையையே புரட்டினாலும் அசையாது. அவன் அழுத்தினான். முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு வழுக்கிக்கொண்டு திரும்பியது. நம்பிக்கை வராமல் மறுபடியும் திருப்பினான். அடியில் படுத்து ஆயிலை வடித்தான், ஆயில் தட்டைக் கழற்றினான், ஆயில் ஏமாற்றினால் முதலில் கருகிப்போகும் பேரிங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு கீறல் இல்லை. அவன் மாட்டிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே மின்னியது.

"முத்து மாதிரி இருக்கேப்பா" என்றார் முனியசாமி. தினகரன் காருக்கு அடியில் படுத்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதான். வியாபாரி எதுவும் புரியாமல் எழுந்து ரோட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் பிடித்து அண்ணியிடம் போனான். அண்ணன் இறந்த பிறகு அவள் வீட்டில் அவன் உட்கார்ந்ததே இல்லை. அரிசி, மருந்து எது கொண்டுவந்தாலும் வாசலோடு திரும்பிவிடுவான். அன்று உள்ளே போய் உட்கார்ந்து, ஸ்டாண்டில் பேசியது, தான் பயந்து கிடந்தது எல்லாவற்றையும் கொட்டினான்.

ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டாள். "அடப்பாவமே! ஆயிலாலன்னா பேசினாங்க? எங்கிட்ட பிரேக்குன்னுதானே சொன்னாங்க. இதையா இத்தன காலம் மனசுல வச்சிக்கிட்டுத் திரிஞ்சீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்படாதா?" தேத்தண்ணிக் கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒங்க ஆயிலு மேல ஒரு தப்பும் இல்ல தம்பி. இன்ஜினை அவருதான் ஆஃப் பண்ணிக்கிட்டு எறங்கினாரு."

"அண்ணனா? அண்ணன் அப்பிடிச் செய்ய மாட்டாரே."

"அந்த வாரம் முச்சூடும் அப்பிடித்தான் செஞ்சாரு. ரெண்டாவது கியருல எறங்கினா இன்ஜின் கத்துதாம். இந்தத் தண்ணி ஆயிலு அந்தச் சூட்டத் தாங்குமோ என்னமோ, தம்பி பாத்துப் பாத்துக் கட்டுன இன்ஜினு, ஒண்ணு ஆச்சின்னா அவன் ஒடஞ்சிருவான், எறக்கத்துலயாச்சும் அது ஓய்வா வரட்டும்னாரு. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. செத்தவருக்குக் குடுத்த சத்தியம்னு நானும் வாயத் தொறக்கல." அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு பாரத்தை இறக்கிவைத்தவளாக அவனைப் பார்த்துச் சிரித்தாள். "இனியாச்சும் நிம்மதியா இருங்க தம்பி."

அண்ணன் கேட்ட ஆயிலையே ஊற்றியிருந்தால் அவன் இன்ஜினை அணைத்திருக்கவே மாட்டான். இன்ஜின் கத்தக் கத்த இரண்டாவது கியரில் இறங்கி, சவாரியை ஏற்றிக்கொண்டு திரும்பியிருப்பான். அண்ணிக்கு அது தோன்றவில்லை. தோன்றவும் கூடாது. தினகரன் கோப்பையை எடுத்துக்கொண்டான்.

"ஆமாண்ணி, இனி நிம்மதிதான்" என்றான்.